டீச்சர் வீட்டு வாசலில் வைத்த கத்தி

எழுத்து என்றால் எனக்குக் கடைச் சீட்டில் "ரெண்டங்குல ஆணி, கால் கிலோ" என்று எழுதுவதுதான். பத்தாம் வகுப்பில் தோற்றதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப்பட்டவன் இத்தனை பக்கம் எழுதி, மற்றவர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்துப் படிக்க வேண்டும் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்தான். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் மனைவிதான் இந்தக் கதையைச் சொல்லுகிறாள். ஒவ்வொரு தடவையும் எதையாவது கூட்டிச் சொல்லுகிறாள். போன தடவை அதில் போலீஸ் ஜீப்பே வந்துவிட்டது. நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் அவர் வேலை பார்த்த இரும்புச் சாமான் கடையிலேயே நானும் சேர்ந்தேன். முன்னால் நின்று வியாபாரம் பேச எனக்கு வராது என்று முதலாளி சீக்கிரமே கண்டுகொண்டார். பின்னால் கோடவுனில் போட்டுவிட்டார். ஆணி நிறுப்பது, கீலும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுப்பது, இப்படியே தலை நரைக்க ஆரம்பித்தது.

கடைக்கு வேண்டிய கொக்கி, கொண்டி எல்லாம் ஆரியசாலைக்கு அப்பால் ஒரு கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குவோம். எடுத்துவர என்னைத்தான் அனுப்புவார்கள். சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்காது. காத்து நிற்க வேண்டும். அங்கே சுத்தியல் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. குறடு வேண்டுமென்றால் கையை நீட்டுவார்கள், போதும் என்றால் தலையை ஆட்டுவார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான். மற்ற இடங்களில் பேசாமல் நின்றால், "என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா?" என்று விசாரிப்பார்கள். பட்டறையில் யாரும் விசாரிக்கவில்லை. வெளிச்சத்தை மறைக்காதே என்று ஒரு தடவை சொன்னதோடு சரி.

பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. எழுபதுகளின் நடுவில், நாற்பதைத் தாண்டிய பிறகு, அப்படி ஓர் ஆசை வந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. கடையில் பல்சக்கரத்தில் பல் உடைந்து திரும்பி வந்த கைத்துருத்தி ஒன்று கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே காற்றாடி சுற்றிக் காற்றை ஊதும். முதலாளியிடம் கேட்டு எடுத்துப் பல்லைச் சரி செய்தேன். பழைய லாரியின் பிரேக் டிரம் உலையானது. வைத்து அடிக்கிற பட்டடைக்கு ஒரு தண்டவாளத் துண்டு. கரிக்குக் கவலை இல்லை. திருவனந்தபுரத்தில் எந்த வீட்டிலும் தேங்காய்ச் சிரட்டை கிடைக்கும். அதைச் சுட்டுக் கரியாக்கினால் சூடு நன்றாக ஏறும், பொறி மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெறிக்கும்.

கடையில் விஷயம் தெரிந்தபோது சிரித்தார்கள். "அண்ணாச்சி, அடுத்தது என்ன? சிரைக்கக் கத்தி எடுப்பேரோ?" என்றார் முன்பக்கம் வியாபாரம் பேசுகிறவர். கோடவுனுக்குள் போய்விட்டேன்.

முதலில் அடித்த கத்திகளைக் கத்தி என்று சொல்ல முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நீட்டிவிடுவேன். உரு வந்துவிடும். அதற்குப் பிறகு துவைச்சல் கொடுக்க வேண்டும், அதாவது காய்ந்த இரும்பைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்க வேண்டும். அதில்தான் தோற்பேன். தண்ணீரில் முக்கினால் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். எடுத்துப் பார்த்தால் மயிரிழை போல விரிசல். தண்ணீரை விட்டு எண்ணெய்க்கு மாறினேன். எவ்வளவு காய்ந்ததும் முக்குவது என்பது பிடிபடவில்லை. உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டேன். இரும்பு சரியான சூட்டுக்கு வந்ததும் காந்தம் அதில் ஒட்டாது. ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் இறக்கினேன். விரிசல் இல்லை. அரத்தை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கடினமும் ஆகாது, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்ட வேண்டும். பளபளப்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வரும். அது பழுப்பாவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். அந்த நிறம் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

இதெல்லாம் நடந்தது ஞாயிற்றுக்கிழமைகளில், கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்முற்றத்தில். முன் வீட்டில் வீட்டுக்காரி இருந்தார். பின்னால் தனியாக இரண்டு அறையும் சமையலறையும் எங்களுக்கு. அவர் மலையாளி, பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விதவை. தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படித்தான். எங்களோடு பேசும்போது மலையாளத்தில் தமிழைக் கலப்பாரா, தமிழில் மலையாளத்தைக் கலப்பாரா என்று சொல்ல முடியாது.

டீச்சர் எப்போதும் வெள்ளை முண்டும் மேலே போர்த்துகிற நேரியலும்தான் உடுத்துவார். அவை காய்கிற கொடி என் உலைக்கு நேர் எதிரே இருந்தது. சிரட்டைக்கரித் தூள் காற்றில் போய் அதில் படியும். சத்தம் வேறு. சாப்பிட்டபின் அவர் கண்ணை மூடுகிற நேரத்தில்தான் எனக்கு இரும்பு நன்றாகக் காயும். ஒரு வருஷம் பொறுத்தார் என்பதே பெரிது. ஓணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு என் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மனைவி நாகர்கோவில்காரி. வந்து என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"இஞ்ச பாருங்க. ஓணம் கழிஞ்சா இந்த அடி நிக்கணுமாம். இல்லேன்னா வேற வீடு நோக்கிக்கோன்னு டீச்சர் சொல்லியாச்சு."

நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போய் ரெண்டு வார்த்த சொல்லுங்களேன். இனிமே பாத்துச் செய்யுதேன்னு சொன்னா அவங்க என்ன கடிச்சா திங்கப்போறாங்க? நாக்க என்ன அடகா வச்சிருக்கிய?"

"நீ சொல்லேன்," என்றேன்.

"நான் சொல்லியாச்சு. நான் சொன்னா, 'உன் பர்த்தாவுக்கு வாயில்லையா'ன்னு கேக்காங்க."

வீட்டை விட்டுப் போக முடியாது. அந்த வாடகைக்கு, சைக்கிளில் போகிற தூரத்தில், வேறு வீடு கிடைக்காது. அப்படியானால் உலையைத்தான் விட வேண்டும். அதை விட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு வேலையில்தான் நான் யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்காமல் நானாக ஒன்றைச் செய்தேன்.

டீச்சர் பின்வராந்தாவில் உட்கார்ந்து காய் நறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். கத்தி தேய்ந்து தேய்ந்து ஒரு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. ஓணத்துக்கு ஏத்தங்காய், நம் நேந்திரங்காய், வறுவல் செய்வார், அதற்கு மெல்லிசாகச் சீவ வேண்டும். நல்ல கத்தி ஒன்று அடித்துக் கொடுத்தால் அவர் மனம் இளகும் என்று நினைத்தேன். வாயால் கேட்க முடியாததைக் கத்தி கேட்டுவிடும் என்று நம்பினேன்.

அந்தக் கத்திக்கு நான் பட்ட பாட்டை எழுதினால் நீளும். அதுவரை அடித்ததில் அதுதான் ஒழுங்காக வந்தது. அலகு மெல்லியது, முதுகு நேராக இருந்தது. புளியங்கட்டையில் பிடி போட்டுப் பித்தளை ஆணி அறைந்தேன். காகிதத்தைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் இரண்டாகும்.

கொடுக்க வேண்டிய சமயத்தில் மனைவி ஊரில் இல்லை. அவள் தம்பி குழந்தைக்குக் காது குத்து என்று நாகர்கோவில் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்லுகிறாள். சரிதான்.

டீச்சரின் முன்னால் போய் நின்று கொடுக்க எனக்குத் துணிவில்லை. தவிரவும், கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் சனிக்கிழமை காலையில், அவர் எழுந்து கதவு திறப்பதற்குள், வாசல்படியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்தேன். வெறுமனே வைத்தால் மரியாதையாக இருக்காது என்று, மனைவியின் பெட்டியிலிருந்து புது ரவிக்கைத் துணி ஒன்றை எடுத்து விரித்தேன். சிவப்பு. புதுக் கத்தி, புது வண்டி எதற்கும் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவுவது உண்டல்லவா, அதையும் செய்தேன். பழத்தை அந்தக் கத்தியாலேயே வெட்டி, இரண்டு பாதியிலும் குங்குமம் தொட்டு, இந்தப்பக்கம் ஒன்று அந்தப்பக்கம் ஒன்று வைத்தேன். கத்தியிலும் ஒரு பொட்டு. முனை தெருவில் போகிறவர்களைப் பார்த்து இருந்தால் நன்றாயிருக்காது என்று வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது.

டீச்சருக்கும் அவர் தம்பிக்கும் மதில் தகராறு இருந்தது எனக்குத் தெரியாததல்ல. தம்பி பக்கத்து வீட்டில்தான் இருந்தார். தம்பி ஆள் வைத்துச் செய்வினை செய்கிறார் என்று டீச்சருக்கு வெகுநாளாகச் சந்தேகம். மலையாளத்தில் அதைக் கூடோத்ரம் என்பார்கள். தென்னைமூட்டில் எதையோ தோண்டி எடுத்ததாகக்கூட வேலைக்காரி சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்று காலையில் என் நினைவுக்கு வரவில்லை. கத்தியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்தபோது டீச்சர் வீட்டு வாசலில் கூட்டம். என்னவோ ஏதோ என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். என் கத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றி யாரோ சாம்பலால் வட்டம் போட்டிருந்தார்கள். டீச்சர் வீட்டுக்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அவர் அந்த வாசல்படியைத் தாண்டவில்லையாம், அடுப்பும் மூட்டவில்லையாம். பக்கத்துக் கோயில் பூசாரியை, அங்கே போற்றி என்பார்கள், கூட்டி வந்திருந்தார்கள். அவர் வட்டத்துக்கு வெளியே குடையோடு நின்று, "ஆரும் தொட வேண்டா, ஆரும் தொட வேண்டா," என்றுகொண்டிருந்தார்.

டீச்சரின் தம்பி படிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சேச்சி, ஞான் செய்திட்டில்லா! எவிடே வேணுமெங்கிலும் வந்து சத்தியம் பண்ணுவேன்!"

"நீயல்லாமல் வேறே யாரு? சனியாழ்ச்ச பாத்து, முனையை என் பக்கம் திருப்பி வச்சிருக்கு! என்னெ அறுக்கத்தானே?"

"எனிக்கு அறுக்கணுமெங்கில் நேரே வந்து அறுப்பேன். எலுமிச்ச நாரங்ஙா எதுக்கு?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் போலீசுக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். தம்பி, அனுப்பு, இப்போதே அனுப்பு என்றார். தம்பியின் முகம் சிவந்துவிட்டது.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. அப்புறம் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சாம்பல் வட்டத்துக்குள் காலை வைத்துக் கத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். பெண்கள் ஓவென்று கத்தினார்கள். போற்றி இரண்டடி பின்னால் போனார்.

"இது நான் அடிச்ச கத்தி," என்றேன். "டீச்சருக்கு. ஏத்தங்காய் சீவ."

 பிறகு டீச்சர் ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்:

"நீங்களாணோ இது வெச்சது?"

"ஆமா டீச்சர்."

நான் சொன்னதும் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். சரியாகவில்லை. டீச்சரின் குரல் மாறிவிட்டது. "வீடு ஒழியச் சொன்னதுக்காணோ? அதுக்கு எனிக்குக் கூடோத்ரம் செய்யணுமா?" என்றார். தம்பியும் அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டோ சேச்சி! ஒரு வருஷமா தீயும் புகையுமா பின்னால இருந்நு செய்தது இதாக்கும்! பாவம் ஞான் ஏச்சு கேட்டேன்!"

 இல்லை டீச்சர், இல்லை டீச்சர் என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. புதுக் கத்திக்கு எங்களில் இப்படித்தான் செய்வோம் என்று ஒரு வாக்கியம் சொன்னேன். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

தம்பி என் எதிரே வந்து நின்றார். "சத்தியமெங்கில் அந்த நாரங்ஙா தின்னு. காணட்டே."

மந்திரித்த பழத்தை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. பேசச் சொல்லாமல் தின்னச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. குனிந்து ஒரு பாதியை எடுத்துக் குங்குமத்தோடு வாயில் போட்டு மென்றேன். நல்ல வெயில், வெறும் வயிறு. கொட்டை, தோல் எல்லாவற்றையும் விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மற்றப் பாதியையும் எடுத்தேன்.

"மதி, மதி, போதும்!" என்றார் போற்றி. "ஒண்ணுமில்லா. இது வெறும் நாரங்ஙாதான். ஞான் போகட்டே, நடை அடைச்சிட்டு வந்நதாக்கும்."

நான் இரண்டாவது பாதியையும் தின்றேன். நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. அப்போதுதான் டீச்சர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு. கதவைத் திறந்து வெளியே வந்தார். சாம்பலைக் காலால் தள்ளினார்.

"கத்தியைத் தாழே வையும்," என்றார். வைத்தேன். எடுத்தார். விரலால் கூர் பார்த்தார். "ஒரு வார்த்தை பறஞ்சால் என்னவாம், அண்ணாச்சி? இந்நு முழுவன் ஞான் பட்டினி."

தம்பி எப்போது போனார் என்று பார்க்கவில்லை. நான் சாப்பிடாமலே கடைக்குத் திரும்பினேன். அன்று முழுவதும் பல் கூசியது.

சாயங்காலம் மனைவி நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கொள்ளாம்! நான் ரெண்டு நாளு இல்லேன்னா மந்திரவாதி ஆயிருவியளோ? அதும் என் புது ரவிக்கைத் துணியிலயா?"

பதில் சொல்லுமுன் டீச்சரைப் பார்க்க முன் வீட்டுக்குப் போய்விட்டாள். வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது, நடுவில் சிரிப்பும் கேட்டது. நான் உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இனி இதைப் பிரித்து எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியை மத்தியானம் வரை பட்டினி போட்டவன் உலைக்காகக் கெஞ்ச முடியாது.

இரண்டு பேரும் பின்பக்கம் வந்தார்கள். டீச்சர் கையில் ஒரு தட்டு. அதில் சீவின ஏத்தங்காய், வறுக்காதது. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அந்தப்பக்கம் தெரிந்தது.

"கொள்ளாம், நல்லா இருக்கு. பிடி கொஞ்சம் தடிச்சுப்போயி. என் கை சின்ன கையாக்கும்."

"செதுக்கித் தாரேன் டீச்சர்," என்றேன்.

அவர் உலையைப் பார்த்தார், துணிக்கொடியைப் பார்த்தார். "இது இவிடே வேண்டா," என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அங்ஙோட்டு மாற்று," என்று கையை நீட்டினார். மாடு இல்லாமல் கிடந்த பழைய தொழுவத்தின் பின்புறம், மதிலை ஒட்டின இடம். "காற்று அப்புறத்தோட்டு போகும். என் துணியிலே வராது."

"மதிலுக்கு அப்புறம் உங்க தம்பி வீடுல்லா டீச்சர்?" என்றாள் என் மனைவி.

"அதே," என்றார் டீச்சர். "ஞான் சாப்பிட்டு உறங்குற நேரத்தில் மட்டும் அடிக்க வேண்டா." தட்டை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உலையைத் தொழுவத்துக்குப் பின்னால் மாற்றினோம். தண்டவாளத் துண்டைத் தூக்கத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதால் நெருப்பு மூட்டவில்லை.